எண்ணெய் வளம் கொழிக்கும் நாட்டில் எரிவாயு விலைப் போராட்டம்: கஜகஸ்தான், ஜனவரி 2022

பெட்ரோல், டீசல், கேஸ் விலை உயரும்போது மக்கள் வீதிக்கு வருவது உலகின் எல்லாப் பகுதிகளிலும் நடக்கிறது. அப்படி வருபவர்களை ஆட்சியாளர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. சில நேரங்களில் ஒரே நாட்டுக்குள்ளேயே, ஒரே வாரத்துக்குள்ளேயே மாறுகிறது. 2022 ஜனவரியில் கஜகஸ்தானில் நடந்தது அதுதான். போராட்டம் தொடங்கிய ஊரில் அதிகாரிகள் மக்களிடம் வந்து பேசினார்கள், விலையைக் குறைத்தார்கள். அங்கே போராட்டம் அமைதியாகத் தொடங்கி அமைதியாகவே முடிந்தது. ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தள்ளியிருந்த அல்மாட்டி நகரிலோ சில நாட்களில் பிணங்கள் விழுந்தன. வீதியில் நின்றவர்கள் மீது 'பயங்கரவாதிகள்' என்ற முத்திரையும் குத்தப்பட்டது.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு நாட்டில், முஸ்லிம் ஆட்சியாளர்களாலேயே அந்த முத்திரை பயன்படுத்தப்பட்டது. அதனால் இந்த நிகழ்வை நம் சமூகம் விவரமாக அறிந்திருப்பது நல்லது.

நாடும் ஊரும்

பரப்பளவில் உலகின் 9ஆவது பெரிய நாடு கஜகஸ்தான். மக்கள் தொகை அப்போது சுமார் 1.9 கோடி. அவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் முஸ்லிம்கள். பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். 1991 வரை சோவியத் ஒன்றியத்தின் பகுதியாக இருந்தது. எண்ணெய், இயற்கை எரிவாயு, யுரேனியம் என நிலத்தடிச் செல்வம் நிறைந்த நாடு. யுரேனியம் உற்பத்தியில் உலகிலேயே முதலிடம்.

நாட்டின் மேற்குக் கோடியில், காஸ்பியன் கடலோரத்தில் மாங்கிஸ்டாவ் மாகாணம் இருக்கிறது. பெரும்பகுதி பாலைநிலம். காய்கறி முதல் கோதுமை வரை வெளியூர்களிலிருந்துதான் வரவேண்டும். குடிநீருக்கே கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலைகளையும் தொலைதூரக் குழாய்களையும் நம்பியிருக்கிறார்கள். அதனால் அங்கே வாழ்க்கைச் செலவு அதிகம். ஆனால் நாட்டுக்கு வருமானம் தரும் எண்ணெய்க் கிணறுகளில் பல இந்த மாகாணத்தில்தான் உள்ளன. சோவியத் காலத்தில் எண்ணெய்த் தொழிலாளர்களுக்காகவே உருவாக்கப்பட்ட ஊர் ஜானாவோசென்.

விலை ஏன் ஒரே நாளில் இரட்டிப்பானது?

நம் வீட்டுச் சமையல் சிலிண்டரில் இருக்கும் அதே எல்பிஜிதான் மாங்கிஸ்டாவ் மக்களின் வாகன எரிபொருள். பெட்ரோலைவிட மலிவு என்பதால் அங்கே பெரும்பான்மையான வாகனங்கள் எல்பிஜிக்கு மாற்றப்பட்டிருந்தன. வேலைக்குப் போவதும், பாலைநிலம் கடந்து உணவுப்பொருள் வருவதும் அதை நம்பியே நடந்தன.

நீண்ட காலமாக எல்பிஜி விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. அந்த விலை உற்பத்திச் செலவைவிடக் குறைவு என்று நிறுவனங்கள் சொல்லி வந்தன. உள்நாட்டில் விற்றால் நஷ்டம், வெளிநாட்டுக்கு விற்றால் இலாபம் என்ற நிலையில் புதிய முதலீடு வரவில்லை. மலிவு விலையால் பயன்பாடு மட்டும் ஏறிக்கொண்டே போனது. பற்றாக்குறை தலைகாட்டியது. இதற்குத் தீர்வாக 2019இல் அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எல்பிஜி விற்பனையைப் படிப்படியாக மின்னணுச் சந்தைக்கு மாற்றி, விலையைச் சந்தையே தீர்மானிக்க விடுவது என்பதே அத்திட்டம். 2022 ஜனவரி 1ஆம் தேதி இந்த மாற்றம் முழுமை பெற்றது.

அதுவரை லிட்டருக்கு சுமார் 60 தெங்கேயாக இருந்த விலை 120 தெங்கே ஆனது. அன்றைய இந்திய மதிப்பில் சுமார் 10 ரூபாயிலிருந்து 20 ரூபாய். நமக்கு இது மலிவாகத் தோன்றலாம். ஆனால் குறைந்த வருமானத்தில், எல்லாப் பொருளும் வண்டியில் வந்து சேரவேண்டிய ஊரில் வாழும் குடும்பத்துக்கு, எரிபொருள் இரு மடங்கானால் சந்தையில் மற்ற பொருள்களும் ஏறும் என்பது தெரியும். எண்ணெய் தங்கள் காலடியிலிருந்து எடுக்கப்படும்போது, எரிவாயு மட்டும் ஏன் தங்களுக்கு எட்டாத விலைக்குப் போகிறது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

2011இன் ஆறாத காயம்

ஜானாவோசென் மக்களுக்குப் போராட்டமும் புதிதல்ல, அரசின் துப்பாக்கியும் புதிதல்ல. 2011இல் ஊதியக் கோரிக்கைக்காக எண்ணெய்த் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 16, நாட்டின் சுதந்திரத்தின் 20ஆம் ஆண்டு விழா நாள். அன்று ஊரின் சதுக்கத்தில் கலவரம் மூண்டது. காவல்துறை சுட்டதில் குறைந்தது 14 பேர் அந்த ஊரில் கொல்லப்பட்டார்கள்.

பத்தாண்டு கழித்து மீண்டும் அதே ஊர் கூடியபோது, மக்களும் கவனமாக இருந்தார்கள், அதிகாரிகளும் கவனமாக இருந்தார்கள். 2022இல் ஜானாவோசெனில் இரத்தம் சிந்தாமல் போனதற்கு அந்த நினைவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

நாள்வாரியாக நடந்தவை

ஜனவரி 2, ஞாயிற்றுக்கிழமை: ஜானாவோசென் மக்கள் சாலையை மறித்தார்கள். விலையை இறக்கவேண்டும் என்பது மட்டுமே கோரிக்கை.

ஜனவரி 3: சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாகாணத் தலைநகர் அக்டாவிலும் மக்கள் கூடினார்கள். விலையை 85-90 தெங்கேயாகக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. மக்கள் ஏற்கவில்லை.

ஜனவரி 4: துணைப் பிரதமர் தலைமையிலான குழு மாங்கிஸ்டாவில் மக்களுடன் பேசியது. அந்த மாகாணத்தில் விலை 50 தெங்கேயாகக் குறைக்கப்பட்டது. அதாவது பழைய விலையைவிடவும் குறைவு. ஆனால் அதற்குள் ஆதரவுப் போராட்டங்கள் நாடு முழுதும் பரவிவிட்டன. கோரிக்கையும் மாறியிருந்தது. 30 ஆண்டுகள் ஆட்சி செய்து, பதவி விலகிய பின்பும் பாதுகாப்புக் கவுன்சிலின் தலைவராகத் தொடர்ந்த முன்னாள் அதிபர் நூர்சுல்தான் நசர்பாயேவ் ஒதுங்கவேண்டும் என்ற முழக்கம் எழுந்தது. நாட்டின் மிகப் பெரிய நகரமான அல்மாட்டியில் அன்றிரவு காவல்துறை கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது.

ஜனவரி 5: அதிபர் காசிம் ஜோமார்ட் தோகாயேவ், பிரதமர் அஸ்கார் மாமினின் அமைச்சரவை விலகலை ஏற்றார். எரிபொருள் விலைகளுக்கு 180 நாள் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. நசர்பாயேவிடமிருந்த பாதுகாப்புக் கவுன்சில் தலைமையைத் தோகாயேவ் தானே எடுத்துக்கொண்டார். அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இணையம் துண்டிக்கப்பட்டது. அல்மாட்டியில் மாநகர நிர்வாகக் கட்டடம் தீக்கிரையானது. விமான நிலையம் ஒரு கும்பலின் பிடியில் சென்றது. கடைகள் சூறையாடப்பட்டன, ஆயுதங்களும் கொள்ளை போயின. ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பிடம் தோகாயேவ் படை உதவி கேட்டார்.

ஜனவரி 6: வெளிநாட்டுப் படைகள் வரத் தொடங்கின. மொத்தம் 2,000க்கும் மேற்பட்ட வீரர்கள். அந்த அமைப்பு தன் உறுப்பு நாடு ஒன்றுக்குள் இப்படிப் படை அனுப்பியது அதுவே முதல்முறை.

ஜனவரி 7, வெள்ளிக்கிழமை: முன்னறிவிப்பு இல்லாமல் சுட்டுக்கொல்ல உத்தரவிட்டிருப்பதாகத் தோகாயேவ் தொலைக்காட்சியில் அறிவித்தார். 20,000 'கொள்ளையர்கள்' அல்மாட்டியைத் தாக்கியதாகவும் சொன்னார்.

ஜனவரி 10: நாடு முழுதும் துக்கநாள். ஜனவரி 19: அவசரநிலை முடிந்தது. வெளிநாட்டுப் படைகளும் வெளியேறின.

'பயங்கரவாதி' என்ற முத்திரை

மத்திய ஆசியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் வந்த, பயிற்சி பெற்ற போராளிகள் தாக்குதலில் ஈடுபட்டதாக அரசு கூறியது. ஆயுதம் ஏந்திய கும்பல்கள் அல்மாட்டியில் இருந்தன என்பது உண்மை. காவலர்களும் வீரர்களும் கொல்லப்பட்டதும் உண்மை. ஆனால் ஆயிரக்கணக்கான வெளிநாட்டுப் பயங்கரவாதிகள் வந்தார்கள் என்பதற்கு நம்பத்தக்க சான்று எதையும் அரசு வெளியிடவில்லை.

அந்த நாட்களில் அரசு சார்பு ஊடகங்களில் ஒரு காணொளி வந்தது. முகமெல்லாம் காயங்களோடு ஒருவர், பணம் வாங்கிக்கொண்டு கலவரத்துக்கு வந்ததாக 'ஒப்புதல்' அளித்தார். அதைப் பார்த்த அண்டை நாடான கிர்கிஸ்தான் மக்கள் அதிர்ந்துபோனார்கள். அவர் அவர்கள் நாட்டில் பலரும் அறிந்த ஜாஸ் இசைக்கலைஞர். கிர்கிஸ் அரசு தலையிட்ட பிறகு அவர் விடுவிக்கப்பட்டார். அவர் பிரபலமானவர் என்பதால் தப்பினார். பெயர் தெரியாத கூலித் தொழிலாளி ஒருவருக்கு அதே நிலை வந்திருந்தால் அவருக்காகப் பேச யார் இருந்திருப்பார்கள்?

இணையம் முடக்கப்பட்டிருந்ததால், அல்மாட்டியில் என்ன நடக்கிறது என்பதை அந்நாட்டு மக்களே அறிய முடியவில்லை. மகன் வீடு திரும்பவில்லை என்றால் தேடக்கூட வழியில்லாமல் குடும்பங்கள் தவித்தன. அரசுத் தொலைக்காட்சி சொன்னது மட்டுமே செய்தியாக இருந்தது. முத்திரை குத்துவதும் செய்தித் தொடர்பைத் துண்டிப்பதும் சேர்ந்தே நடப்பதை இங்கே கவனிக்கவேண்டும்.

உயிரிழப்பும் விசாரணையும்

ஜனவரி நடுப்பகுதியில் 225 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது. பின்னர் அந்த எண்ணிக்கை 238 ஆனது. அவர்களில் 19 பேர் பாதுகாப்புப் படையினர். இறந்தவர்களில் போராட்டத்துக்கே தொடர்பில்லாத வழிப்போக்கர்களும், குடும்பத்தோடு காரில் சென்றபோது குண்டுக்கு இரையான 4 வயதுச் சிறுமியும் அடக்கம். ஏறத்தாழ 10,000 பேர் கைது செய்யப்பட்டார்கள். காவலில் சித்திரவதையால் 6 பேர் இறந்ததை அரசு வழக்குரைஞர் அலுவலகமே ஒப்புக்கொண்டது. பின்னர் சித்திரவதை வழக்குகளில் காவல் அதிகாரிகள் சிலர் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் சுட்டுக்கொல்லும் உத்தரவு தவறு என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

தேசிய உளவு அமைப்பின் தலைவராக இருந்த கரீம் மாசிமோவ் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். மூடிய கதவுகளுக்குள் நடந்த விசாரணைக்குப் பின் 2023 ஏப்ரலில் அவருக்கு 18 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மக்களின் விலைப் போராட்டத்தை மேலிடத்து அதிகாரப் போட்டி பயன்படுத்திக்கொண்டது என்ற கருத்து அங்கே பரவலாக உள்ளது. முழு உண்மை இன்னும் மக்கள் முன் வைக்கப்படவில்லை.

2022 ஜூன் 5இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, நசர்பாயேவின் சிறப்புத் தகுதி நீக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஜனவரி நிகழ்வுகளில் சிக்கியவர்களில் ஒரு பகுதியினருக்குப் பொதுமன்னிப்பு அளிக்கப்பட்டது. நாட்டின் செல்வத்தில் பாதி 162 பேரிடம் குவிந்திருப்பதாகத் தோகாயேவே எடுத்துச் சொன்னார். செல்வந்தர்கள் பங்களிக்கவேண்டிய சமூக நிதியம் ஒன்றும் உருவாக்கப்பட்டது. மக்கள் வீதியில் சொன்னதைத்தான் அதிபரும் சொன்னார். ஆனால் அதற்குள் 200க்கும் மேற்பட்ட வீடுகளில் ஜனாஸா எடுக்கப்பட்டுவிட்டது.

மற்ற நாடுகள் நடந்துகொண்ட விதம்

ஜோர்தான், 2018: வருமானவரி மசோதாவுக்கு எதிராகப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது எரிபொருள் விலையும் ஏற்றப்பட்டது. அது ரமளான் மாதம். நோன்பு திறந்த பிறகு மக்கள் தலைநகர் அம்மானில் பிரதமர் அலுவலகம் அருகே இரவுதோறும் கூடினார்கள். விலையேற்றத்தை நிறுத்திவைக்க ஜூன் 1ஆம் தேதி மன்னர் அப்துல்லாஹ் உத்தரவிட்டார். ஜூன் 4இல் பிரதமர் ஹானி அல்முல்கி பதவி விலகினார். அடுத்து வந்த உமர் அல்ரஸ்ஸாஸ் வரி மசோதாவைத் திரும்பப் பெற்றார்.

ஈரான், 2019: நவம்பர் 15ஆம் தேதி முன்னறிவிப்பின்றிப் பெட்ரோல் விலை உயர்த்தப்பட்டது. மாதம் 60 லிட்டர் வரை லிட்டருக்கு 10,000 ரியாலிலிருந்து 15,000. அதற்கு மேல் 30,000 ரியால். இந்த வருமானத்தை ஏழைக் குடும்பங்களுக்குப் பணமாகத் தருவோம் என்று அரசு சொன்னது. ஆனால் மக்கள் அதை நம்பும் நிலையில் இல்லை. ஏறத்தாழ ஒரு வாரம் இணையம் துண்டிக்கப்பட்டது. 300க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அம்னெஸ்டி இன்டர்நேஷனல் பதிவு செய்தது. விலையும் இறங்கவில்லை.

இலங்கை, 2022: ஏப்ரல் 18 நள்ளிரவில் எரிபொருள் விலை மீண்டும் ஏற்றப்பட்டது. மறுநாள் றம்புக்கனையில் மக்கள் இரயில் பாதையை மறித்தார்கள். காவல்துறை சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள். நம் உறவுகள் பலரும் அந்த ஆண்டு எரிபொருள் வரிசையில் நாள்கணக்கில் நின்றவர்கள் என்பதால் இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

மூன்று நாடுகளிலும் அரசுக் கருவூலம் நெருக்கடியில் இருந்தது. மானியத்தைக் குறைக்கவேண்டிய கட்டாயம் பொய்யல்ல. இரவோடிரவாக அறிவித்தது, ஏழைக் குடும்பங்களுக்கு முன்கூட்டியே ஈடு செய்யாதது, கேள்வி கேட்டவர்களிடம் பேசாதது ஆகியவைதான் வீதியைக் கொதிக்க வைத்தன.

இஸ்லாம் காட்டும் அளவுகோல்

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் கேட்டார்கள். எவருக்கும் அநீதி செய்தவராக அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்ற கருத்தில் நபியவர்கள் அதை மறுத்த செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் இருக்கிறது. இயல்பாக ஏறும் விலையில் ஆட்சியாளர் தலையிட்டால் வியாபாரிக்கு அநீதி நேரலாம் என்பது அதன் பொருள். அதே வேளையில், பதுக்கலாலோ ஏகபோகத்தாலோ மக்கள் வதைக்கப்பட்டால் விலையைக் கட்டுப்படுத்துவது ஆட்சியாளரின் கடமையாகவே ஆகிவிடும் என்று இமாம் இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

எரிபொருளைப் பொறுத்தவரை இன்னொரு நபிமொழியும் நினைவுகூரப்படுகிறது. தண்ணீர், மேய்ச்சல் புல், நெருப்பு ஆகியவற்றில் மக்கள் அனைவருக்கும் பங்கு உண்டு என்பது அதன் கருத்து. எண்ணெய், எரிவாயு போன்ற நிலத்தடி வளங்கள் பொதுச் சொத்து என்பதற்கு இஸ்லாமியப் பொருளியல் அறிஞர்கள் பலர் இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இந்த அளவுகோலின்படி பார்த்தால், ஜானாவோசென் மக்கள் கேட்டது சலுகை அல்ல, தங்கள் பங்கு.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ஹிஜ்ரி 18 வாக்கில் கடும் பஞ்சம் வந்தது. மக்களுக்கு நெய் கிடைக்கும்வரை தானும் உண்ணமாட்டேன் என்று அவர்கள் இருந்ததை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மானியத்தை வெட்டும் ஆட்சியாளர், அந்த வலியில் தன் பங்கு என்ன என்று மக்களுக்குக் காட்டினால் மக்கள் பொறுமை காப்பார்கள். கஷ்டம் ஒரு தரப்புக்கு மட்டும் என்றால் காக்கமாட்டார்கள்.

வீதிப் போராட்டம் கூடுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பிறர் சொத்தைச் சூறையாடுவதும், கடைக்குத் தீ வைப்பதும், நிரபராதியைத் தாக்குவதும் ஹராம் என்பதில் எவருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அதேபோல, ஆயுதமற்ற ஒருவரைச் சுடுவதற்கும் மார்க்கத்தில் இடமில்லை.

நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது, செய்தியில் எச்சரிக்கை. ஒருவர் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்பது சூரா அல்ஹுஜுராத்தில் நமக்கிடப்பட்ட கட்டளை. அரசு சொல்லும் 'பயங்கரவாதி' செய்திக்கும், வாட்ஸ்அப்பில் வரும் பரபரப்புக் காணொளிக்கும் அது ஒரே அளவில் பொருந்தும்.

இரண்டாவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. அல்மாட்டியில் மாட்டிக்கொண்டவர்களில் பலர் வேடிக்கை பார்க்கப் போன இளைஞர்கள். கோரிக்கை நியாயமாக இருந்தாலும், கூட்டத்துக்குள் தீ வைப்பும் கல்வீச்சும் தொடங்கியதும் அங்கிருந்து விலகி வந்துவிட வேண்டும் என்பதை வீட்டிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

மூன்றாவது, பேச்சுவார்த்தையின் மதிப்பு. ஜானாவோசெனில் மக்கள் சாலையை மறித்தார்கள், ஆனால் எதையும் கொளுத்தவில்லை. கோரிக்கையைத் தெளிவாக ஒரே வரியில் வைத்தார்கள். அதிகாரிகள் வந்தபோது பேசினார்கள். அரைகுறைக் குறைப்பை ஏற்காமல் நின்றார்கள். கேட்டது கிடைத்தது. ஊர் ஜமாஅத், தெருச் சங்கம், தொழிற்சங்கம் என எந்த மட்டத்திலும் இது பின்பற்றத்தக்க வழி.

அல்மாட்டியில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் இன்றும் உண்மை தெரியவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இறந்தவர்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக. அவர்களின் குடும்பங்களுக்குப் பொறுமையையும், ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மக்களின் குரலைக் கேட்கும் மனதையும் தருவானாக.